பூட்டினேனாவின் மீட்புப் புள்ளிகள்

கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அங்கிருந்து திரும்பி ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? தெரு அவருக்கு 'பூட்டினேனா' என்று பேர் வைத்துவிட்டது. முன்னறையில் மனைவி எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறார். மெஷினுக்கு டிசைன் அனுப்பும் கம்ப்யூட்டர் இவர் பொறுப்பு.

இப்படிப்பட்ட மனிதரிடம் யாரோ மீட்புப் புள்ளியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தார்கள். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போது ஒரு புள்ளி வைத்துவிட்டால், பின்னால் மென்பொருள் மக்கர் செய்யும்போது அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். விடுவாரா? இடி இடித்தால் ஒரு புள்ளி. தும்மினால் ஒரு புள்ளி. ஒவ்வொன்றுக்கும் பேர் வேறு: 'நல்லா இருக்கு', 'இன்னும் நல்லா இருக்கு', 'எதுக்கும் இருக்கட்டும்'.

அன்று சாயங்காலத்துக்குள் சீருடை பேட்ஜ்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அந்த ஆர்டர் இனி எதிர்க்கடைக்குத்தான். நூல் வராமல் மூன்று நாள் மெஷின் சும்மா கிடந்தது. அன்று உட்கார்ந்து பார்த்தால், கம்ப்யூட்டர் மெஷினைக் கண்டுகொள்ளவே இல்லை.

"பயப்படாதே, புள்ளி இருக்கு!"

ஒன்றுக்குத் திரும்பினார். மெஷின் அசையவில்லை. அதற்கு முந்தியதுக்குப் போனார். ஊஹூம். எழுந்தார், உட்கார்ந்தார், வாசல் பூட்டை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார்.

"இருக்கறதுலயே பழசு எது?" என்றார் மனைவி.

"முந்தாநாள் சாயங்காலம்."

"மாசக்கணக்கா வெச்சீங்களே?"

"புதுசு வைக்க வைக்க, இடம் பத்தாம பழசை அதுவே அழிச்சிடும்."

"அன்னைக்குக் காலைல என்ன பண்ணினீங்க?"

அவர் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன்."

"கம்ப்யூட்டரை வேகமாக்கற மென்பொருள்னு ஒண்ணு... சும்மா கிடைச்சுது..."

ஆக, கையில் இருந்த புள்ளியெல்லாம் கெட்ட பிறகு வைத்தவை. கெட்டதை அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்.

"உங்களைவிட வேகமா இந்த வீட்டுக்கு இன்னொண்ணு வேணுமா? அதைத் தூக்குங்க. மெஷினோட வந்த மென்பொருள் சிடி எங்க?"

அவர் பால்கனியைப் பார்த்தார். புறா விரட்டுவதற்காக அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மனைவி அவிழ்த்து, கழுவி, துணியால் ஒற்றி, கம்ப்யூட்டரில் போட்டார். கம்ப்யூட்டர் முனகியது, யோசித்தது. இவர் நகத்தைக் கடித்தார். கடைசியில் ஊசி இறங்கியது.

"இப்ப ஒரு புள்ளி..."

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

வைத்தார். 'இதுதான் நல்லா இருக்கு' என்று பேரும் கொடுத்தார். சாயங்காலம் அடுத்ததுக்குக் கை போனபோது மவுஸைக் காணோம். அது மனைவியின் மடியில், தைத்து முடித்த பேட்ஜ்களுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.