அய்யாவுக்கு ஒரு நடுகல்

மர்பி டவுனில் குடியிருந்த சந்திரம்மா, ரிச்மண்ட் டவுனில் மௌரீன் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணியின் வீட்டில் ஆயாவாக வேலை பார்த்தாள். 1959-ல் ஒரு சனிக்கிழமை மௌரீன் தன் இரண்டு மகள்களைக் கப்பன் பார்க் மியூசியத்துக்கு அழைத்துப் போனபோது, சந்திரம்மாவும் கூடப் போனாள். பிள்ளைகள் ஓவியங்களைப் பார்க்க மாடிக்கு ஓடினார்கள்; மௌரீனும் பின்னாலேயே போனாள். சந்திரம்மா முழங்கால் வலியோடு கீழேயே தங்கிவிட்டாள்.

அவள் எதிரே ஆள் உயரத்துக்குச் சிற்பம் செதுக்கிய ஒரு கல். அடியில் ஒருவன் சண்டை போட்டு விழுகிறான். நடுவில் இரண்டு பெண்கள் அவனைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உச்சியில் சாமி பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

"இது என்னா கல்லுண்ணா?" என்று மியூசியக் காவலர் முனிகிருஷ்ணனைக் கேட்டாள்.

"வீரகல்லும்மா. தமிழ்ல நடுகல்லுன்னுவாங்க. ஊர் மாட்டைத் திருட வந்தவங்களைத் தடுத்து உயிரை விட்டவருக்கு வெச்சது."

"ராஜாவா இவரு?"

"ராஜா எங்கம்மா? நம்மளாட்டம் ஆளுதான்."

சந்திரம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மௌரீன் இறங்கி வந்து இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் கணவன் அய்யாவு கிணறு தூர் வாருகிறவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், விஷக்காற்று தாக்கிக் கிணற்றுக்குள் மயங்கிக் கிடந்த கூட்டாளி பச்சைமுத்துவைத் தூக்க இறங்கினான். பச்சைமுத்து உயிரோடு மேலே வந்தான். அய்யாவு பிணமாகத்தான் வந்தான். அதற்குப் பிறகு பச்சைமுத்து அவளைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவான்.

மறுநாள் அவளே அவன் வீட்டுக்குப் போனாள். "சட்டையப் போட்டுக்கினு வா தம்பி. ஒரு எடத்துக்குப் போணும்," என்றாள். அவனால் மறுக்க முடியவில்லை.

மியூசியத்தில் அந்தக் கல்லின் முன்னால் அவனை நிறுத்தி, காவலர் சொன்னதை அப்படியே சொன்னாள். பச்சைமுத்து தலையைக் குனிந்தபடி ஆரம்பித்தான்.

"எனக்குப் பாதி நெனப்பு இருந்திச்சு அண்ணி. அண்ணன் தன் இடுப்புக் கவுத்த அவுத்து என் இடுப்புல கட்டினாரு. 'மூச்சை அடக்கிக்கடா, மேல போயிடலாம்'னாரு. ரெண்டு பேரும் போறோம்னுதான் நான் நெனச்சேன். அதை உங்க கிட்ட எப்படிச் சொல்றது?"

சந்திரம்மா அழுதாள். கடைசியில் அய்யாவு என்ன பேசினான் என்று அவளுக்குச் சொல்ல இத்தனை வருஷமும் யாரும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ பொழச்சதுக்கு எங்கிட்ட ஏன்டா ஒளியறே?" என்று கேட்டாள்.

அய்யாவுக்கும் ஒரு கல் வைக்க வேண்டும் என்று இருவரும் அங்கேயே முடிவு செய்தார்கள். அல்சூரில் ஒரு கல் தச்சரைப் பிடித்தார்கள்.

"வீரன்னா கையில கத்தி வேணுமே?" என்றார் அவர்.

"கத்தி வாணாம். கவுறு போடுங்க," என்றாள் சந்திரம்மா.

அவர் வட்டமாக ஒரு கிணறும், அதற்குள் கயிற்றோடு ஒரு ஆளும் செதுக்கிக் கொடுத்தார். முழங்கால் உயரம்தான் இருந்தது. பச்சைமுத்து அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கல்பள்ளி மயானம் வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு போனான். அய்யாவுவைப் புதைத்திருந்த இடத்தில் குழி தோண்டி நட்டான்.

கல்லின் அடியில் அய்யாவு பேரை வெட்டியிருந்தார்கள். சந்திரம்மா எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, "இதுல எது 'அ'?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் அண்ணி?" என்றான் பச்சைமுத்து.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் போன ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் குனிந்து, நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, சத்தமாகப் படித்தார்.