ஒயர் கூடைக்குள் மணி அடித்தது

லாஸ்பேட்டையில் மாலை நேரத்தில் நாங்கள் பெத்தாங் ஆடுவோம். இரும்புக் குண்டு எறியும் ஆட்டம். எங்கள் அணியில் ஓர் அம்மாள். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். ஆட்டம் தொடங்குமுன் எல்லோருடைய போனையும் வாங்கித் தன் ஒயர் கூடையில் போட்டுவிடுவார்.

ஒருநாள் நான் கடைசிக் குண்டை எறியும் நேரம், கூடைக்குள் ஒரு போன் விடாமல் அடித்தது. ஆபீஸோ என்று நான் கூடையைத் திரும்பிப் பார்த்தேன்.

“அது கெடக்குது, நீங்க போடுங்க சார்!” என்று அம்மாள் அதட்டினார்.

போட்டேன். ஜெயித்தோம். அம்மாள் குதித்தே விட்டார்.

கூடையைத் திறந்தால், அடித்தது அவருடைய போன். பாரிஸிலிருந்து மகள்.

“உங்க போன்னு தெரிஞ்சுமா எடுக்கல?”

“அப்ப எடுத்திருந்தா ‘சாப்ட்டேன்’னு மட்டும்தான் சொல்லியிருப்பேன். இப்ப பாருங்க, சொல்றதுக்கு எவ்ளோ இருக்குது!”

அன்று நானும் என் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அரைமணி நேரம் நான்தான் பேசினேன்.