எங்கள் இருவரின் 1173

பதினொன்று எழுபத்து மூன்று என்று யாராவது உரக்கச் சொன்னால் இன்றைக்கும் நான் எழுந்து நின்றுவிடுவேன். சுனாமிக்குப் பிறகு மூன்று வருடம், அரிசி வரிசையிலும் தண்ணீர் பவுசர் வரிசையிலும் எங்களுக்கு அதுதான் பெயர்.

சாய்ந்தமருதில் என் உம்மா பாத்தும்மாவுக்கும் அவருடைய தங்கை நஸீறாச் சாச்சிக்கும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடுகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அதனால் கூடப்பிறந்த பெண்களின் வீடுகள் ஒட்டியே இருக்கும். கடல் இரண்டு வீட்டையும் ஒன்றாகவே கொண்டுபோனது. பதிய வந்த உத்தியோகத்தர் எல்லோரையும் ஒரே குடும்பமாக நினைத்து 1173ஆம் இலக்கத்தில் ஒரே நிவாரண அட்டை எழுதிவிட்டார். ஒன்பது பேரில் மிஞ்சியது ஆறு பேர். என் வாப்பா மிஞ்சவில்லை.

சாச்சியின் மகள்தான் சுல்பிகா. என்னைவிட ஏழு மாதம் இளையவள். அந்த ஏழு மாதத்துக்காக என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவாள்.

முகாமில் சாமான்கள் மாறிப்போகும். ஆகவே அவளுடைய வாப்பா ஹமீட் சாச்சா, வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்டால் வாளியிலும் தகரப் பெட்டியிலும் எங்கள் அடையாளத்தை எழுதி வைத்தார். உம்மாவின் பெயரில் முதல் எழுத்து, சாச்சியின் பெயரில் முதல் எழுத்து, 1173, ஒரு சாய்கோடு, 6.

அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் வந்தாள். அட்டைக்கு ஒரு தையல் மெஷின், கணினி வகுப்பில் ஓர் இடம். எங்கள் அட்டையில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர்.

"யாருக்கு எது வேணும்?" என்று கேட்டாள்.

நான் வாய் திறந்து பேசுகிறவள் அல்ல. ஆனால் அன்றைக்கு என் கை முந்தியது. மெஷின் பலகையில் கையை வைத்துவிட்டேன். மெஷின் என்றால் ஒரு பொருள். கணினி வகுப்பு என்றால் உட்கார ஒரு கதிரை, அதுவும் பின்னேரம் வரைக்கும்தான்.

சுல்பிகா அழுதாள். "எனக்கும் மெஷின்தான் வேணும் உம்மா. ராத்தாக்கிட்டச் சொல்லுங்க உம்மா."

நான் கையை எடுக்கவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் உட்கார்ந்தேன். சாச்சா பலகையின் ஓரத்திலும் நீலத்தில் எங்கள் அடையாளத்தை எழுதினார்.

அழுதுகொண்டு போனவள் தகரக் கொட்டிலில் நடந்த அந்த வகுப்பில் நான்கே மாதத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். உயர்தரப் பரீட்சை எழுதினாள். யுத்தம் முடிந்த வருடம், வீதியில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது, கல்முனையில் ஒரு மாடிக் கட்டடத்தில் சமூகக் கல்லூரி ஒன்று திறந்தார்கள். கணினிப் பாதுகாப்பில் இளமானிப் பட்டம். கணினிகளுக்குள் கள்ளர் நுழையாமல் காப்பதைப் படிப்பது. முதல் வகுப்பில் பதினெட்டுப் பேர். பெண்கள் மூன்று பேர். சுல்பிகா அதில் ஒருத்தி.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். கறுப்பு அபாயாவின் மேல் அது வெள்ளையாக ஆடும். அந்த அபாயாவைத் தைத்தது நான். அட்டை ஆடும் இடத்தில் ஒரு பொத்தானை வைக்காமல் விட்டு அதன் அழகைக் கெடுத்திருக்கலாமே என்று கூடத் தோன்றும். அவள் செருப்பின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்தால் எனக்குத் தெரியும். படியேறித் தேய்ந்த குதி. என் செருப்பு தேய்வதே இல்லை.

சாப்பிடும்போது அவள் படிப்பைச் சொல்லுவாள்.

"சுவர் மாதிரி ஒண்டு போடுற வாப்பா. வெளியால இருந்து ஒருத்தரும் வர ஏலா."

"ஒலுவில் ஹார்பர்ல கடலுக்குக் கல்லுப் போட்ட மாதிரியா?" என்றார் சாச்சா. "கல்லப் போட்டா கடல் மத்தப் பக்கத்தால வரும் மகள். அதுக்கு என்ன படிச்சுத் தாறானுகள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்குப் பதில் தெரியாமல் போனது எனக்கு இனிப்பாக இருந்தது.

ஆனால் சாச்சா ஒரு விஷயத்தில் விளையாடவில்லை. பாலமுனையில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார். நாங்கள் எல்லோரும் இருந்த, புதிதாகக் கிடைத்த சுனாமி வீட்டை சுல்பிகாவின் பெயருக்கு எழுதத் தயாராக வைத்திருந்தார். "முதலாம் வருசம் பாஸ் பண்ணினாப் படி. இல்லாட்டி நான் அவங்களுக்கு ஓம் எண்டு சொல்லிருவன்" என்றார்.

அந்த வருடக் கடைசிச் சோதனை விசித்திரமானது. அவர்களுக்குப் படிப்பித்த காரைதீவுத் தங்கரத்தினம் சேர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினியைக் கொடுத்தார். அதை ஒரு கிழமை, ஏழு நாளும், காக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் நுழையப் பார்க்கலாம். நுழைந்தவர் திரையில் தன் பெயரை எழுதிவிட்டு வர வேண்டும்.

"வகுப்பில பாதிப்பேர் பிஸ்மில்லாட நம்பர் 786 எண்டுதான் கா பாஸ்வேட் போட்டிரிக்காங்க" என்று சுல்பிகா என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "மத்தப் பாதி சுனாமி வந்த திகதி. முதல் நாளே அஞ்சு பேர்ர உடைஞ்சிட்டு."

"நீ என்ன போட்ட?"

அவள் குனிந்து மெஷின் பலகையின் ஓரத்தை விரலால் தடவினாள். "நம்மட நம்பர்தான். அட்டையத் திருப்பிக் குடுத்தாச்சு, வாளியெல்லாம் உடைஞ்சிட்டு. இதத்தான் போட்டிரிக்கன் எண்டு தெரிஞ்ச ஆக்கள் நீயும் நானும்தான்."

அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள். அதுகூட எனக்குக் குத்தியது. நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துச் சொன்னதுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை நிஹ்லா வந்தாள். மருதமுனைப் பிள்ளை, சுல்பிகாவின் வகுப்பு, நல்ல வாய்க்காரி. அபாயாவுக்கு அளவு கொடுத்துக்கொண்டே கதைத்தாள்.

"ஒங்கட தங்கச்சிர கொம்பியூட்டர் மட்டும் அசையுதே இல்ல ராத்தா. நாலு நாளா முட்டிப் பாக்கிறம். என்னதான் ஓதி ஊதி வச்சிரிக்காவோ!"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். எப்போதும் அப்படித்தானே இருப்பேன்.

"அவ ஒண்டும் ஓதல்ல" என்றேன். "கேம்ப்ல இருந்த காலத்துல இருந்து அவவுக்கு எல்லாத்துக்கும் இந்த நம்பர்தான்." பலகையின் ஓரத்தில் கிடந்த துணியை இழுத்து மடித்தேன். நீல எழுத்து வெளியே தெரிந்தது.

நிஹ்லா குனிந்து அதை வாசித்தாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

புதன்கிழமை பின்னேரம் சுல்பிகா வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. திரையில் நிஹ்லாவின் பெயர் இருந்ததாம். அதன் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

"நிஹ்லா எப்பிடி வந்தெண்டு கேட்டா சொல்றாளில்ல. நுழைஞ்ச ஆள் சொல்லக் கூடாதாம், அதுதான் சட்டமாம். சேர் ரெண்டு நாள் தந்திரிக்காரு. எந்த வழியால வந்தாங்க எண்டு சரியாக் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தாப் பாஸ் போடுவாராம்." அவள் என் எதிரே உட்கார்ந்தாள். "ராத்தா, நம்பர ஆருக்கும் சொன்னியா கா?"

"நான் ஆரோட கதைக்கிற?" என்றேன்.

அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்றைக் கற்றையாகக் கடதாசி கொண்டுவந்து பாயில் விரித்தாள். அந்தக் கணினியின் கதவைத் தட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரியாம். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, சரியென்றால் பென்சிலால் கோடு போட்டாள். நான் பிரித்துத் தைக்கும்போது தையலை ஒவ்வொன்றாக அறுப்பேனே, அதே பொறுமை. எனக்கும் அது இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று அப்போது நினைத்தேன். பொறாமை அடங்கவில்லை, கூடியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் நஸீறாச் சாச்சி வெள்ளைத் துணி ஒன்றோடு வந்தார். பின்னால் சுல்பிகா.

"இவள்ர கலியாணச் சட்டைக்கு அளவெடு மகள். நாளைக்கிச் சாச்சா பாலமுனைக்குப் போறாரு" என்றார். துணியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

நான் நாடாவை எடுத்தேன். சுல்பிகா கையை விரித்து நின்றாள். கண் சுவரில் இருந்தது, வாய் முணுமுணுத்தது.

"வயரால வரல்ல. மெயிலால வரல்ல. சுவர் உடையல்ல. ஒரே தடவைல சரியாப் போட்டுத் திறந்திரிக்கி. அப்ப சாவி தெரிஞ்ச ஆள்தான்." நாடா அவள் மார்பைச் சுற்றியிருந்தது, அவள் மூச்சு என் விரலில் பட்டது. "நான்தான் எங்கயோ வாய் விட்டிரிப்பன் ராத்தா. அப்பிடித்தான் எழுதப் போறன்."

"அப்பிடி எழுதினாப் பாஸா?"

"இல்ல. ஆர் மூலமாப் போனெண்டு சரியாச் சொல்லாட்டிப் பாஸ் இல்ல. வேற என்ன எழுத?"

முப்பத்து நான்கு என்று அளவு இருந்தது. அதைக் கொப்பியில் எழுத என் கை வரவில்லை.

"நான்தான் காட்டின" என்றேன். "நிஹ்லாக்கு. செவ்வாக்கிழமை. துணிய இழுத்துக் காட்டின."

அவள் விரித்த கைகளை உடனே இறக்கவில்லை. மெதுவாக இறக்கினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தை எடுத்து, என் மெஷின் பலகையில் வைத்து, எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னாள்.

"வழி: கடவுச்சொல். தெரிஞ்சிருந்த வேற ஆள்: ஒருத்தர். உறவு..." நின்றாள். "சகோதரி." பிறகு பேனையை நிமிர்த்தினாள். "காரணம் எண்டு ஒரு கட்டம் இரிக்கி. என்ன எழுத?"

"தெரியாமச் சொன்னெண்டு எழுது."

"தெரியாமயா சொன்ன?"

அடுக்களையில் சாச்சி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றேன். "பொறாமை எண்டு எழுது."

எழுதினாள். எழுதிவிட்டு, "மெஷின அண்டைக்கி எனக்கித் தந்திரிந்தா நீதான் படிக்கப் போயிரிப்பாய் கா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, சாச்சியின் வெள்ளைத் துணியை மடித்துக் கையோடு கொண்டுபோனாள். அடுத்த இருபது நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவள் பாஸானாள். பட்டமும் எடுத்தாள். இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் மற்றவர்களின் கதவுகளைக் காக்கிறாள். சாச்சா வீட்டை அவள் பெயருக்கே எழுதினார், மாப்பிள்ளை இல்லாமலே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். வந்தால் என் மெஷினுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். எனக்கு நூல் கோத்துத் தருவாள், ஊர்க் கதை கேட்பாள். நீல எழுத்து இன்னும் பலகையில் இருக்கிறது.

பிறகு மடிக்கணினியைத் திறப்பாள். விரல் விசையில் படும் முன்பு ஒரு நொடி நிற்பாள்.

"ராத்தா, அங்கால பாரு கா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். விசைகளின் சத்தத்தை மட்டும் எண்ணுவேன். பதினான்கு தடவை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.