பாரிசில் திறக்காத பக்கம்

சித்தப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கத் தகடு கிடையாது. சூடு இறங்கட்டும் என்று அவரே கழற்றிப் போட்டிருந்தார். திறந்து கிடந்த அதன் வயிற்றுக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் ஓயாமல் ஓடும். முத்தியால்பேட்டை மே மாதத்தில் எங்களுக்கு அந்தக் காற்று கிடையாது. சேதராப்பட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், மிச்ச நேரத்தில் வீட்டிலிருந்தே வெப்சைட் நடத்தினார். அதில் தெருவில் தேர் வந்த படங்களும் அவருடைய பைக்கும் இருந்தன. பார்த்தவர்கள் நாங்கள் ஐந்து பேர், ஹாலில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில்.

அக்காவுக்குப் பாரிசிலிருந்து வரன் வந்தது. பையனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. குடும்பம் முழுக்கப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அதற்கு மேல் விசாரிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆவணியிலேயே கல்யாணம் வேண்டும் என்றார்கள். காலாப்பட்டில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி என்பதை ஒருவரும் பேச்சில் எடுக்கவில்லை. அவள் போனால் ஜன்னலோரக் கட்டில் எனக்கு.

ஃபோட்டோ கேட்டார்கள். முன்பு ஒரு வரனுக்குக் கொடுத்த ஃபோட்டோ திரும்பி வராத வருத்தம் அம்மாவுக்கு இருந்தது. சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"மெயில்ல அனுப்புனா ஊரான் மிஷின்ல போய் உக்காந்துக்கும் அண்ணி. நம்ம வெப்சைட்ல போட்டா நம்ம வீட்டுலயே இருக்கும். அவங்க பாத்ததும் ஆஃப் பண்ணிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை, அங்கே காலை பத்து மணி, இங்கே மதியம் ஒன்றரை. ஃபியூஸ் போய்விடும் என்று மிக்சிக்குத் தடை. தேங்காய் அரைக்காத குழம்பு. சித்தப்பா ஹால் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தார். திரையில் பட்டுப்புடவையோடு அக்கா வந்தாள். உடனே சித்தப்பா ஃபோனை எடுத்து, திரையின் மேலே இருந்த எண்ணைப் பாரிசுக்குப் படித்தார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்று அறுபத்தெட்டு, புள்ளி, ஒன்று, புள்ளி, இரண்டு. பையனின் அம்மா ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் மகனுக்குச் சொல்வது ஸ்பீக்கரில் கேட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "இந்த நம்பரையேவா குடுக்கறீங்க சித்தப்பா?"

"பின்ன? இங்க தொறக்குதில்ல?"

"தொறக்குது" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள்.

அங்கே திறக்கவில்லை. மூன்று முறை ஃபோன் வந்தது. மூன்று முறையும் சித்தப்பா என்னை ரெஃப்ரெஷ் அழுத்தச் சொன்னார். மூன்று முறையும் அக்கா பளிச்சென்று வந்தாள். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொண்டார். "இங்க நல்லாத்தான் தெரியுது மேடம். உங்க ஊரு இன்டர்நெட்டுதான் சரியில்ல."

நாலாவது முறை அந்த அம்மாள், பெண்ணைக் காட்ட மனமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று ஃபோனை வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் லாஸ்பேட்டையில் வேறு பெண்ணை முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"ஒரு ஃபோட்டோவ கவர்ல போட்டு ஸ்டாம்பு ஒட்டத் துப்பில்ல, வெப்சைட்டாம்!" அம்மா போய் ஃபேனை நிறுத்தினாள்.

"அண்ணி, மிஷின் சூடாயிடும்."

"ஆவட்டும். என் வயிறு எரியறது உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

மறுநாள் காலாப்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிய அக்காவிடம், ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாற நம்பர்டி. வெளியூர்லேருந்து லெட்டர் போடறவங்களுக்கு 'ரெண்டாவது ரூம்'னு மட்டும் அட்ரஸ் குடுத்தா வந்து சேருமா?"

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். பரீட்சைக்கு அத்தனை தடிப் புத்தகங்களை மனப்பாடம் செய்கிறவளுக்கு இந்த ஒரு வரி மறக்குமா? இவ்வளவு மறதிக்காரிக்கு மேற்கொண்டு ஒரு வருடப் படிப்பு எதற்கு என்று அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன்.