மடி நாய்க்குக் காவல் வேலை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர், கல்லோயா அணை வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரின் பங்களாவில் குசினியில் சமையல் வேலை செய்தார். துரையும் அவர் மனைவி நோனாவும் தங்கள் ஊருக்குக் கப்பலேறியபோது மற்ற வேலைக்காரர்களுக்குக் கோப்பை, பீங்கான் என்று ஏதேதோ கிடைத்தது. இவருக்கு நாய் கிடைத்தது. கல்முனையில் எங்கள் வீட்டு வாசலில் அதை இறக்கிவிட்டு, நான்தான் கேட்டு வாங்கியதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

பீக்கினீஸ் என்று ஒரு சாதி. சீனத்து அரண்மனையில் மடியில் வைத்து வளர்த்ததாம். நசுங்கிய மூக்கு, பிதுங்கிய கண், தரையைப் பெருக்குகிற மயிர். கூப்பிட்டால் வராது, மனம் வந்தால்தான் வரும். வந்தால் மடிதான் வேண்டும். பாயில் விட்டால் பாயை ஒருதரம் பார்க்கும், என்னை ஒருதரம் பார்க்கும், பிறகு பெருமூச்சு விடும். இவ்வளவு மிடுக்கை நான் என் மாமியிடம்கூடக் கண்டதில்லை.

நோனா சொல்லியனுப்பிய பக்குவம் பெரிது. தினமும் மயிரை வாரவேண்டும், கண்ணோரத்தை ஆறிய வெந்நீரால் துடைக்கவேண்டும், வெயிலில் மட்டும் விடவே கூடாது, அந்த மூக்கால் மூச்சு வாங்க முடியாது. இதோடு எங்கள் இஸ்லாம் மார்க்கத்தின் பக்குவமும் சேர்ந்துகொண்டது. நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீர். காய்ந்த மயிரைத் தொட்டால் பாதகமில்லை. ஆகவே ஒரு பழைய சேலையை அதற்கென்றே ஒதுக்கி, மடியில் விரித்துப்போட்டு வாரினேன். அது அன்பு முற்றிக் கையை நக்கிவிட்டால் கிணற்றடிக்கு ஓடினேன். எனக்குச் சலிப்பே வரவில்லை. பிள்ளை இல்லாத வீடு அது. அதன் குறட்டைச் சத்தம்கூட எனக்குப் பிடித்திருந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். பிறகு, பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பொறுப்பான மரைக்கார் வந்தார். உள்ளே ஏறாமல் முற்றத்திலேயே நின்றார்.

“என்ன தம்பி, ஊட்டுக்குள்ள நாய் வளக்கிறீங்களாம்?”

“இல்ல மரைக்கார், அது வயல் காவலுக்கு,” என்றார் என் கணவர்.

காவல் நாய்க்கு மார்க்கத்தில் இடமுண்டு. மரைக்கார் குனிந்து பார்த்தார். காவல் நாய் அவர் காலடியில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது.

“வயலுக்குக் காட்டுப்பண்டி வந்தா இதுதான் வெரட்டுமா?” என்று சிரித்தார். போகும்போது, “அப்ப வயலுக்கே அனுப்பிருங்க” என்றார்.

அந்த வீடு என் சீதனம். சம்மாந்துறை வயலும் என் சீதனம். இரண்டும் என் பேரில் இருந்தும், ஒரு முழ நாயை எங்கே வைப்பது என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

“அதுக்கு வெயில் ஆகாது மச்சான். வாடிக் குடிசைக்குள்ளயே வெச்சிக்கங்க,” என்று படித்துப் படித்துச் சொன்னேன். “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டு தூக்கிப்போனார்.

அறுவடையும் சூடடிப்பும் முடிந்து தனியாகத்தான் திரும்பி வந்தார்.

“எங்க அது?”

“செத்துப் போச்சு புள்ள. நெல்லுக் குவிச்ச களத்துல நான்தான் கட்டியிருந்த.”

“வெயில்லயா?”

“காவல் நாய வேற எங்க கட்டுற?”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மரைக்காரின் வாயை அடைக்கச் சொன்ன பொய்யை அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ராத்தா, “எங்ககா உன்ட நாய்?” என்று கேட்டாள்.

“மௌத்தாப் போச்சு ராத்தா.”

உள்ளேயிருந்த என் கணவர் எழுந்து வந்தார். “மனிசருக்குச் சொல்ற சொல்ல நாய்க்குச் சொல்லாத புள்ள. குத்தம்.”

“சரி மச்சான், மௌத்தாகல்ல. நீங்கதான் வெயில்ல கட்டிச் சாக்காட்டின.”

ராத்தா மெல்ல உள்ளே போய்விட்டாள். அவர் சோறு கேட்டார். போட்டேன்.