ஜிலேபியின் சாட்சி

விடிந்ததும் விடியாததுமாக அப்பா குளத்துக்குப் போய், இரண்டு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துச் "சப்"புக் கொட்டுவார். அந்த வருடம் முழுக்க நான் கண் விழித்தது அந்தச் சத்தத்தில்தான். சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவே அமிழ்ந்ததில் சிப்பிகாட்டில் எங்கள் நிலம் தாழ்ந்துபோய், கடல் தினமும் வயலுக்குள் வந்து போக ஆரம்பித்திருந்தது. நெல் அழுகிவிட்டது, வயலோரக் குளத்தில் அப்பா ஆசையாக வளர்த்த கட்லாவும் ரோகுவும் வயிற்றைக் காட்டி மிதந்தன. பக்கத்து நிலத்து வங்காளிக்காரர், "பானி காரா ஹோ கயா, பாய்" என்று தண்ணீர் உப்பாகிவிட்ட கதையை ஒரே வரியில் முடித்துவிட்டு டவுனுக்குக் குடிபோனார். டவுன் பக்கத்து டாலிகஞ்சில் வாடகை வீடு பார்க்கச் சொல்லி அம்மாவும் நச்சரித்தாள். அப்பா அசையவில்லை.

காரணம், "ஜிலேபி". கடையில் விற்கும் ஜிலேபி அல்ல, ஜிலேபிக் கெண்டை. மற்ற மீனின் தீனியைத் திருடுகிறது என்று அப்பாவிடம் ஓயாமல் திட்டு வாங்கிய அந்தக் கறுத்த மீன் மட்டும் ஒன்றுமே நடக்காதது போலக் குளத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

"நல்ல தண்ணி மீனு உசுரோட நிக்குதுல்ல? அப்ப தண்ணி திரும்புதுன்னுதான அர்த்தம்? வர்ற மழைக்கு நாத்து விட்டுருவேன், பாரு."

அம்மாவும் ஒரு விரல் நனைத்துப் பார்த்துவிட்டு, "உங்க நாக்குல கோளாறு" என்பாள்.

எனக்கோ வேறு கவலை. உப்புத் தண்ணீரில் கிடந்த மீன்தானே என்று அம்மா ஒருநாள் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட, குழம்பு சப்பென்று இருந்தது. அப்படியானால் அந்த உப்பெல்லாம் எங்கே போனது? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஜிலேபியைப் பழைய வாளியில் விட்டு, அம்மா பார்க்காத நேரமாகக் கல்லுப்பை ஒவ்வொரு பிடியாகப் போட்டுவந்தேன். கடல் தண்ணீரையும் வாளித் தண்ணீரையும் மாறி மாறி நக்கிப் பார்த்ததில் வாளிதான் அதிகம் கரித்தது. மீனோ ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுநாள் சோற்றுப் பருக்கைக்கு வாயைத் திறந்தது. செவுள் வழியாக அது உப்பை வெளியே தள்ளிவிடுகிறது என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அது எனக்குச் சுத்தமான மாயவித்தை.

பெருமை தாங்காமல் அப்பாவை இழுத்துவந்து காட்டினேன். வழக்கம்போல அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். சத்தமே வரவில்லை. கரிப்புத் தாங்காமல் முகம் சுருங்க, மீனையும் என்னையும் பார்த்துவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

"இது எந்தத் தண்ணியிலயும் இருந்துக்கிரும்டி. நெல்லு இருக்காதே."

மழைக்கு முன்னாலேயே டாலிகஞ்ச் வந்துவிட்டோம். அப்பா ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். விவசாயத்தைப் பற்றி அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது அந்த இடத்தைக் காட்டி, "வயல்" என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். அவளுக்கு அது "காடி", கடல் ஏறி இறங்கும் ஓடை. மடவை மீன் கூட்டமாகத் திரிகிறது, கரையில் அலையாத்திச் செடிகள் என் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. எனக்கும் அங்கே போனால் நேரம் போவதே தெரியாது. எந்த மீன் எந்தத் தண்ணீருக்குத் துணிகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். வீடு திரும்பியதும் அப்பா மெதுவாகக் கேட்பார், "கடல் ஏத்தமா, வத்தமா?"

"வத்தம்தாம்ப்பா."

"வரப்பு தெரிஞ்சுதா?"

வரப்பெல்லாம் கரைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

"தெரிஞ்சுதுப்பா" என்கிறேன்.