வல்வெட்டித்துறையில் பார்த்த ஒல்லாந்துப் பந்தாட்டம்

காலை 6.40. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்தேன். பின்னாலேயே வந்த அம்மா, "அங்கை போய் வாயைத் திறந்திடாதை" என்றார். நான் பூமிசாஸ்திரம் படிப்பிக்கும் ஆசிரியை. வாயைத் திறப்பதுதான் என் பிழைப்பு. "வாறன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்தேன்.

1989, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடம் தை மாதம் ஒல்லாந்தில் நாடுகளுக்கிடையே உள்ளரங்க உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. மண்டபத்துக்குள், வழுவழுப்பான தளத்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுகிற ஆட்டம். அதைப் பார்க்கத்தான் நான் வல்வெட்டித்துறைக்குப் போனேன். ஒல்லாந்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் என்ன தொடுப்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் தம்பி குகன் எண்பத்துநாலில் ஒல்லாந்துக்குப் போனவன். போட்டி முடிந்ததும் ஒரு படம் அனுப்பினான். செம்மஞ்சள் உடுப்பு, நெஞ்சில் போட்டிச் சின்னம், பின்னால் கோல் கம்பம். அந்தப் படத்தைக் கலியாணத் தரகர் கோப்பாயில் ஒரு பெண் வீட்டுக்குக் கொண்டுபோய், "மாப்பிள்ளை ஒல்லாந்து அணியிலை விளையாடுறார்" என்று ஒரு போடு போட்டுவிட்டார். படத்தோடு வந்த கடிதம் வேறு கதை சொன்னது. "ஆட்டக்காரற்றை வியர்வை விழுந்தால் தளம் வழுக்கும். ஓடிப்போய்த் துடைக்கிறதுதான் என்ரை வேலை" என்று எழுதியிருந்தான். நான்தான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கடிதத்தை வாங்கி மடித்து, சாமியறையில் விபூதிக் குடுவைக்குக் கீழே வைத்தார். படத்துக்குச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினார். கொக்குவில் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

கோப்பாய்ப் பெண்ணின் தகப்பன் சின்னத்துரை ஐயா இலேசில் மடங்குகிற ஆள் இல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்து முடிவெடுப்பது இப்போது எங்கள் பக்கத்து வழக்கமாகிவிட்டது. அவருக்கு அது போதவில்லை. ஆள் ஓடுவதையும் நடப்பதையும் பார்த்தால்தான் வாக்குக் கொடுப்பேன் என்று நின்றார். அதற்கு வழியும் இருந்தது. வல்வெட்டித்துறை ரத்தினம் அண்ணை கப்பலில் வேலை செய்கிறவர். கப்பல் ரொட்டர்டாம் துறைமுகத்தில் நின்றபோது குகன் அவரைச் சந்தித்து, ரி.வி.யில் காட்டிய ஆட்டம் ஒன்றைப் பதிந்த வீடியோக் கசற்றைக் கொடுத்துவிட்டான். அவரிடம் ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் இருந்தன.

எனக்குப் பயமில்லை. பொய்யைச் சொன்னது நானில்லை, தம்பியின் வேலையில் ஒரு குறையுமில்லை. ஆனால் சம்பந்தம் குழம்பினால் நட்டம் அவனுக்குத்தான். ஐந்து வருடமாகத் தனியே சமைத்துத் தனியே சாப்பிடுகிறவன். கோப்பாய்ப் பெண் வத்சலாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையைத் தவறவிட்டிடாதை அக்கா" என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தான்.

காலை 7.25. கோப்பாய். கொக்குவிலில் இருந்து திருநெல்வேலி, இருபாலை வழியாக நாலு மைல் சொச்சம். வெங்காயத் தறைகளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளை அவர்கள் வளவில் விட்டேன். சின்னத்துரை ஐயா பட்டுக்கரை வேட்டியில் தயாராக நின்றார். வத்சலா கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிறவள், வயது இருபத்தாறு. அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கவில்லை, என்னை நேரே பார்த்துச் சிரித்தாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

காலை 8.10. மினி பஸ், ஆளுக்கு ஏழு ரூபா. நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டுமுன்னே சின்னத்துரை ஐயா கொண்டக்டரோடு கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"ஐயா எங்கை, கலியாண வீட்டுக்கோ?"

"மாப்பிள்ளை பாக்க, தம்பி."

"வல்வெட்டித்துறை மாப்பிள்ளையோ?"

"சீச்சீ. மாப்பிள்ளை ஒல்லாந்திலை. பாக்கிறதுதான் வல்வெட்டித்துறையிலை. அந்த நாட்டுக்குப் பந்தடிக்கிறார்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புத்தூர் வருமுன் ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். புத்தூர் போனது, ஆவரங்கால் போனது, அச்சுவேலியும் போனது. ஐயா மருமகனுக்கு நாலு கோல் அடித்துக் கொடுத்துவிட்டார். நான் யன்னலுக்கு வெளியே புகையிலைத் தோட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலை 9.05. வல்லை வெளி. இராணுவக் காவலரணுக்கு முன்னால் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், பஸ் பின்னால் ஊர்ந்து வரும். மரமில்லாத வெளி, காற்று ஆளைத் தள்ளியது. ஐயா முன்னால் போக, நான் வத்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"தங்கச்சி, அவன் விளையாடுறதில்லை. அங்கை தளம் துடைக்கிறவன்."

அவள் என் கையை விடவில்லை.

"அவர்தான் விளையாடுறனெண்டு சொன்னவரோ?"

"இல்லை. அவன் உண்மையைத்தான் எழுதினவன். மறைச்சது நாங்கள்."

"அப்ப அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. பாத்திட்டு அவரே சொல்லட்டும்."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் இலேசாகியது.

காலை 9.50. வல்வெட்டித்துறை. கோப்பாயில் இருந்து பதினாலு மைலுக்குக் கிட்ட. தெருமுனையில் நின்றாலே கடல் தெரிகிறது. கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்கள், காயப்போட்ட வலைகள். ரத்தினம் அண்ணையின் வீட்டு முன்னறையில் அயலவர் பதினைந்து பேராவது பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேற்றர் முற்றத்தில் நின்று உறுமியது. ஐயாவுக்கு மட்டும் கதிரை போட்டார்கள்.

படம் தொடங்கியது. வெயிலோ மழையோ அறியாத மண்டபம், கண்ணாடிபோல் மினுங்கும் தளம். பந்து எங்களூர்ப் பந்துபோல் துள்ளவில்லை, காலோடு ஒட்டிக்கொண்டு திரிந்தது. ஐந்து பேரும் நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். நான் இதுவரை பார்த்த எந்த ஆட்டத்திலும் இத்தனை வேகம் இருந்ததில்லை. அறையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"எங்கடை ஆள் ஆர்?" ஐயா முன்னுக்குச் சாய்ந்தார். "உந்த ஏழாம் நம்பரோ? உவன் வெள்ளைக்காரனெல்லோ. ஐஞ்சு பேரும் வெள்ளைக்காரங்கள்."

"பொறுங்கோ ஐயா, வருவார்" என்றார் ரத்தினம் அண்ணை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

கோல் வாயருகே ஒரு ஆட்டக்காரன் சறுக்கி விழுந்தான். மத்தியஸ்தர் விசில் ஊதினார். ஓரத்தில் இருந்து, செம்மஞ்சள் உடுப்பில் கறுத்த மெல்லிய ஆள் ஒருவன் துணியோடு ஓடிவந்தான்.

"உவர்தான்" என்றார் ரத்தினம் அண்ணை.

என் தம்பி. முன்தலை மயிர் கொட்டிப்போயிருந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவனைப் பார்க்கிறேன். அதற்குமேல் எதையும் மறைக்க எனக்கு வரவில்லை, வாய்விட்டு அழுதேன். பின்னால் பாயில் இருந்த பெண் ஒருத்தி, "இதென்ன, நிலமெல்லோ துடைக்கிறார்!" என்று சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

சின்னத்துரை ஐயா சிரிக்கவில்லை. எழும்பிப் போகவுமில்லை. "திருப்பிப் போடு" என்றார்.

ரத்தினம் அண்ணை திருப்பிப் போட்டார். குகன் மறுபடி ஓடிவந்து முழங்காலில் இருந்தான். துடைத்தான். துணியை மடித்து வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தளத்தில் பதித்துப் பார்த்தான். திருப்தியில்லை. மறுபடி துடைத்து, மறுபடி கை வைத்துப் பார்த்தான். பிறகுதான் எழும்பி மத்தியஸ்தருக்குத் தலையசைத்தான். அதற்குப் பிறகுதான் விசில்.

"இன்னொருக்காப் போடு."

மூன்றாம் முறையும் பார்த்தார். நாற்பது வருடம் வெங்காயத் தறையில் கை வைத்து ஈரம் பார்த்தே தண்ணீர் கட்டிய மனுசன். பின்னால் திரும்பி, சிரித்தவளைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, வடிவாய்ப் பார். இவன் கைவைச்சுப் பாத்து எழும்புமட்டும் ரெண்டு நாடும் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்குது."

ரத்தினம் அண்ணையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து முதலில் ஐயாவுக்குக் கொடுத்தார். ஐயா குடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பந்தடிக்கிறாரெண்டு எனக்குச் சொன்னது பொய். அது எனக்குக் கோவம்தான், பிள்ளை."

"கோவிக்கிறது சரி ஐயா. தம்பி சொல்லேல்லை. நாங்கள்தான்."

"எனக்குச் சம்மதம். இனி அவள்தான் சொல்லவேணும்."

பகல் 1.30. திரும்பும் பஸ். போகும்போது கடற்காற்று, வரும்போது தார் வெக்கை. ஐயா தூங்கிவிட்டார். உடுப்பிட்டி தாண்டியதும் வத்சலா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்கடை வீட்டிலை அவர் ஒருநாளாவது வீடு கூட்டத் தும்புத்தடி தொட்டவரோ?"

பொய் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு பொய் போதும் என்று பட்டது.

"ஒருநாளும் இல்லை. சாப்பிட்ட கோப்பையைக்கூட நான்தான் எடுத்தனான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப அங்கை போய்ப் பழகினதுதான். பழகினதை மறக்கவேண்டாமெண்டு எழுதுங்கோ. எனக்கு ஓம்."

வல்லை வெளியில் மறுபடி இறங்கி நடந்தோம். இம்முறை அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் 4.15. கொக்குவில். அயல்வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் விறாந்தையில் குகனின் படத்துக்குக் கீழே காத்திருந்தார்கள். நான் சைக்கிளை நிறுத்துமுன்னே ஒருத்தி, "ரீச்சர், தம்பி எத்தினை கோல் அடிச்சவர்?" என்று கேட்டாள். அம்மா வாசலில் நின்று என்னைக் கண்ணால் இறைஞ்சினார். ஒரு நாளில் ஏறக்குறைய முப்பத்தாறு மைல் போய்வந்தவளுக்கு, வீட்டு வாசலில் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அவன் விளையாடேல்லை. வழுக்காமல் தளம் துடைக்கிறவன். கோப்பாயிலை எல்லாருக்கும் சம்மதம், பெட்டைக்கும் சம்மதம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அவர்கள் அங்கே இருப்பதையே மறந்தவர்போல என்னிடம் கேட்டார்.

"வடிவாய்த் துடைச்சவனோ?"